நாகை வாத்தியார் தலையில் ஒரு நடவு நாள்

செருப்பை இங்கேயே விட்டுவிடுங்கள். அதோ, அந்த நீல ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். தலைக்கு வலைத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், சட்டைக்கு மேலே முதுகுப் பக்கம் நாடா கட்டும் பச்சை அங்கி. நாடா எட்டவில்லையென்றால் நர்ஸ் அக்கா கட்டிவிடுவார். ஆயிற்றா? சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள்.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலையை ஒட்டிய ஒரு தெரு. அதில் ஒரு முதல் மாடி. அந்த மாடியில்தான் தலைமுடி நடும் அறுவை அரங்கு. நோயாளியோடு வந்தவர்களை வாசல் ஹாலில் டி.வி. முன்னால் உட்கார வைப்பதுதான் இங்கே வழக்கம். "ஓரமா ஸ்டூல் போட்டு உட்காருங்க. எதையும் தொடாதீங்க. தலை சுத்தினா உடனே சொல்லிட்டு வெளில போயிடுங்க" என்ற நிபந்தனைகளோடு டாக்டர் என்னை உள்ளே விட்டிருக்கிறார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

இன்றைய நாயகன் என் மாமா. வயது 64. நாகப்பட்டினம் வெளிப்பாளையத்துக்காரர். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். 35 வயதிலேயே முன்மண்டை காலி. "அப்பக் கையில காசில்ல. அப்புறம் பிள்ளைங்க படிப்பு, பொண்ணு கல்யாணம், வீட்டுக் கடன். எல்லாம் ஒருவழியா முடிஞ்சுது. இப்ப என் முறை" என்று சிக்கல் தாண்டும்போது காரில் சொன்னார். அதற்கப்புறம் கீழ்வேளூர், திருவாரூர், நீடாமங்கலம் என்று ஒவ்வொரு ஊராகக் கடந்தும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் கண்ணாடியில் தன் தலையை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டே வந்தார்.

முதலில் ஹாலைப் பார்த்துவிடுவோம், அது தனி வேடிக்கை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் பையன்கள்தான் இங்கே வருவார்கள் என்று நினைத்திருந்தேன். வந்து பார்த்தால் நரைத்த மீசைகள்! ரைஸ்மில் வைத்திருப்பவர் ஒருவர், சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியவர் ஒருவர், பேரப்பிள்ளையின் பள்ளிப் பையோடு வந்த தாத்தா ஒருவர். எல்லார் தலையிலும் தொப்பி. யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஆளுக்கொரு வாரப் பத்திரிகையைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மாமாவால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. "எல்லாரும் ஒரே காரியத்துக்குத்தான வந்திருக்கோம்? தொப்பியக் கழட்டுங்க சார், காத்துப் படட்டும்" என்று தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். ஒரு நொடி திகைப்பு. அடுத்த நொடி ஹாலே குலுங்கிச் சிரித்தது. தொப்பிகள் ஒவ்வொன்றாக இறங்கின.

அப்புறம் நிற்குமா பேச்சு? "ரஜினியே வழுக்கையோடதான் மேடைக்கு வர்றாரு" என்றார் சிங்கப்பூர்க்காரர். "நம்ம திருக்குவளைக்காரர் அஞ்சு தடவ முதலமைச்சரா இருந்தாரு. ஜனங்க முடியப் பாத்தா ஓட்டுப் போட்டாங்க?" என்றார் ரைஸ்மில்காரர். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வாஸ்தவம்தான். ஆனா எனக்கு ஆசையா இருக்கே!" எதிர்வாதம் எழவே இல்லை. அந்த ஹாலில் இருந்த அத்தனை பேர் மனசும் அதுதானே!

டாக்டர் அறைக்குப் போவோம். மேசை நிறையக் குப்பைபோல் காகிதங்கள்: ஈ.சி.ஜி. சுருள், சர்க்கரை ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை முடிவுகள், மாமா கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம். இளைஞர்களுக்கு இல்லாத ஒரு வாசல் பெரியவர்களுக்கு உண்டு. முடியைப் பார்ப்பதற்கு முன்னால் இதயத்தைப் பார்க்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, பிரஷர் எவ்வளவு என்று வரிசையாகக் கேள்விகள். மாமாவின் மாத்திரை டப்பா மேசையில் கொட்டப்பட்டது. அதில் ஒன்றை டாக்டர் எடுத்துப் பார்த்துச் சிரித்தார். புராஸ்டேட் வீக்கத்துக்காக மாமா சாப்பிடும் ஃபினாஸ்டரைடு. அமெரிக்காவில் 1992-ல் புராஸ்டேட்டுக்கு அனுமதி பெற்ற இதே மருந்துதான், 1997-ல் குறைந்த அளவில் வழுக்கைக்கும் அனுமதி பெற்றது. "ஒரு பக்கம் வைத்தியத்தை நீங்க ஏற்கெனவே ஆரம்பிச்சுட்டீங்க ஐயா!" என்றார் டாக்டர். மாமாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அந்தப் பூரிப்பிலேயே பையிலிருந்து தன் கல்யாணப் போட்டோவை எடுத்து நீட்டினார். கறுப்பு வெள்ளை. நெற்றி வரை சுருண்டு விழும் முடி. "இதே மாதிரி வரணும் டாக்டர்." டாக்டர் அந்தப் போட்டோவை ஆசையாகத்தான் பார்த்தார். பிறகு மார்க்கர் பேனாவைத் திறந்தார். புருவத்துக்கு நடுவே விரல்களை அடுக்கி வைத்து, நாலு விரலுக்கும் மேலே ஒரு கோடு இழுத்தார். இரண்டு பக்கமும் சற்றுப் பின்வாங்கிய, நேராக இல்லாமல் லேசாக நெளிந்த கோடு. மாமாவின் முகம் வாடிவிட்டது. "இன்னும் கொஞ்சம் கீழ இறக்கக் கூடாதா?"

"27 வயசுக்கு அந்தக் கோடு அழகு ஐயா. 64 வயசு முகத்துல அத இறக்கினா விக் வச்ச மாதிரி இருக்கும். பாக்குறவங்க முடியத்தான் பாப்பாங்க, உங்களப் பாக்க மாட்டாங்க" என்றார் டாக்டர். பிறகு பொறுமையாக விளக்கினார். பின்மண்டையிலும் காதோரத்திலும் இருக்கும் முடிக்குத்தான் வழுக்கை ஹார்மோனைத் தாங்கும் சக்தி அதிகம். அங்கிருந்து எடுத்து முன்னால் நட்டாலும் அந்தக் குணம் கூடவே வரும். ஆனால் பின்னால் இருக்கும் கையிருப்புக்கு ஓர் எல்லை உண்டு. எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. 25 வயதுப் பையனுக்கு இன்னும் எவ்வளவு கொட்டும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பெரியவர்களுக்குக் கொட்ட வேண்டியது பெரும்பாலும் கொட்டி முடிந்திருக்கும். மிச்சம் இருப்பது எது என்று தெளிவாகத் தெரியும். திட்டம் போடச் சுலபம். அதிலும் நரையும் கறுப்பும் கலந்த முடி என்றால் கொஞ்சம் நட்டாலே அடர்த்தியாகத் தெரியுமாம்.

கணக்கு வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது. "ஆக, புதுசா ஒரு முடியும் வரப்போறதில்ல. மொத்தம் அதேதான். இடம்தான் மாறுது." டாக்டர் கைகொடுத்தார். கோடு அங்கேயே நின்றது.

அடுத்த காட்சிக்கு நீங்கள் தயாரா? சாயம்! நேற்று ராத்திரியே மாமாவின் பின்மண்டை நரைக்குக் கறுப்புச் சாயம் பூசச் சொல்லியிருந்தார்கள். அத்தை பூசிவிட்டிருக்கிறார். வெள்ளை முடி உருப்பெருக்கிக்கு அடியிலும் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது, வேர் அறுந்துவிடும் என்பதற்காகத்தான். "40 வருஷமா டை அடிக்க மாட்டேன்னு வீம்பு பிடிச்ச மனுஷன். நேத்து அவரே கிண்ணத்தக் கொண்டாந்து நீட்டுறாரு" என்று அத்தை வாசல் ஹாலிலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

சாயம் காய்ந்த அந்த முடியும் இப்போது ட்ரிம்மருக்குப் போகிறது. ஒட்ட வெட்டினால்தான் வேலை ஓடும். தரையெல்லாம் முடிச் சுருள். துடைப்பத்தோடு தயாராக நிற்கும் ஆயா, "எங்கேர்ந்து வர்றீங்கப்பா?" என்றார். நாகப்பட்டினம் என்றதும், "அப்பறம் என்ன கவல? வேளாங்கண்ணில மொட்டை போட்டேன்னு சொல்லிடுங்க!" என்றார். மாமா உடம்பு குலுங்கச் சிரித்தார். ஏனென்றால் தெருவில் அவர் ஏற்கெனவே அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்! வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு மொட்டை, நாகூர் ஆண்டவருக்கு ஒரு மொட்டை என்று மதம் பார்க்காமல் முடி காணிக்கை கொடுக்கும் ஊர் எங்களுடையது. ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை பஸ்ஸெல்லாம் சந்தனம் பூசிய தலைகள்தான். எங்கள் ஊரில் மழித்த தலையைப் பார்த்து யாரும் காரணம் கேட்பதில்லை.

உள்ளே வாருங்கள், அரங்குக்கு. அடேயப்பா, என்ன குளிர்! டாக்டருக்கு உதவும் பெண்கள் அங்கிக்கு உள்ளே ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்கள். மாமா குப்புறப் படுத்திருக்கிறார். முகம் வைக்க ஓட்டை உள்ள மேசை. அந்த ஓட்டை வழியாக அவருக்குத் தெரிவது தரையும் டாக்டரின் செருப்பும்தான். மாமா போட்டிருக்கும் சட்டையைக் கவனியுங்கள், முன்பக்கம் பட்டன். தலை வழியாகக் கழற்றும் பனியனோ டி-ஷர்ட்டோ போட்டு வரக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. சாயங்காலம் கழற்றும்போது நட்ட முடியில் உரசிவிடும். நேற்று ஒருவர் டி-ஷர்ட்டில் வந்து, கடைசியில் அதைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்களாம்.

நாள் முழுவதிலும் வலி என்றால் இந்தப் பத்து நிமிடம்தான். மரத்துப்போவதற்கான ஊசிகள். நர்ஸ் அக்கா மாமாவின் தோள் பக்கத்தில் ஒரு சின்ன அதிர்வுக் கருவியை வைத்துக் கவனத்தைத் திருப்புகிறார். டாக்டர் கேள்விமேல் கேள்வி கேட்கிறார். "ஐயா, 17 பெருக்கல் 23 எவ்வளவு?" ஊசி இறங்குகிறது. "391! ஆ... அடுத்தது கேளுங்க!" மானிட்டரில் இதயத் துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. மரத்துப்போகும் மருந்தோடு அட்ரினலினும் கலந்திருக்கும் என்பதால் பெரியவர்களுக்கு அந்தத் திரையிலிருந்து ஒருவர் கண்ணை எடுப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் தலை மரத்துவிட்டது. "தட்டுறீங்களா என்ன? சத்தம் மட்டும் கேக்குது" என்றார் மாமா. எல்லார் தோளும் ஒரு சேர இறங்கின.

இனி பாட்டு. அரங்கின் மூலையில் ஒரு புளூடூத் பெட்டி இருக்கிறது. நோயாளிக்குத்தான் முதல் உரிமை. மாமா சற்றும் யோசிக்கவில்லை: "சிக்கல் சகோதரிகள் புல்லாங்குழல் போடுங்க." எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் குஞ்சுமணியும் நீலாவும். தேடி எடுத்துப் போட்டார்கள். இளம்பெண்களின் முகத்தில் அனிருத் ஏக்கம் தெரிந்தது. "பாப்பா, மத்தியானத்துக்கு மேல உங்க பாட்டு" என்று தரையைப் பார்த்தபடியே மாமா ஒப்பந்தம் போட்டார்.

டாக்டரின் கையில் பேனா அளவு கருவி. நுனியில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வட்டக் கத்தி. ர்ர்ர் என்று ஒரு மெல்லிய சத்தம். தோலில் ஒரு சின்ன வட்டம். பக்கத்தில் இருக்கும் பெண் இடுக்கியால் மெதுவாக இழுக்க, வேரோடு வருகிறது முடி. கிட்டே வந்து பாருங்கள். ஒரு முடி என்று நினைத்தால் அதில் இரண்டு, சிலதில் மூன்று! மயிர்க்கால்கள் கொத்தாகத்தான் இருக்கின்றன. அந்தக் கொத்துக்கு இங்கே கிராஃப்ட் என்று பெயர். கீழே வெண்ணிறத்தில் ஒரு குமிழ், மேலே அரை விரற்கடைகூட இல்லாத கறுப்புத் துணுக்கு. அந்தக் குமிழ் காய்ந்தால் போச்சு, நசுங்கினால் போச்சு. உடனே குளிர்ந்த சலைனில் போடுகிறார்கள்.

சுவரோரம் இன்னொரு மேசை. அங்கேதான் எனக்குக் கொண்டாட்டம்! இரண்டு பெண்கள் உருப்பெருக்கிக்கு மேல் குனிந்து, வரும் கிராஃப்டுகளைத் தரம் பிரிக்கிறார்கள். "சிங்கிள்... டபுள்... டபுள்... ட்ரிபிள்..." என்று ராகம் போட்டு ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி விரலில் மாட்டிய கவுன்ட்டரை அழுத்துகிறாள். டிக், டிக், டிக். பெட்ரி தட்டுகளில் பத்துப் பத்தாக வரிசை. மேசை ஓரத்தில் அமிர்தாஞ்சன் பாட்டில், பாதி சாப்பிட்ட பிஸ்கட் பாக்கெட்டை அடைத்த டிஃபன் பை, கழுத்துக்கு வைக்கும் சின்னத் தலையணை. இந்த வேலையில் முதலில் போவது கழுத்து, அப்புறம் முதுகு, அப்புறம் கண். "காலையில நாங்க காபி குடிக்க மாட்டோம், கை நடுங்கும்" என்றாள் கவுன்ட்டர் பெண். டெல்டாவில் பிறந்து ஃபில்டர் காபியைத் தியாகம் செய்வதென்றால் சும்மாவா?

"முந்நூறு!" என்று அவள் அறிவித்ததும் படுத்திருந்த தலையிலிருந்து குரல் வந்தது: "முந்நூத்தி ஒண்ணும்மா. நடுவுல ஒண்ண அழுத்தாம விட்டுட்ட." எல்லாரும் நிமிர்ந்தோம். மாமா காதாலேயே எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறார்! தட்டை மறுபடி எண்ணினார்கள். முந்நூற்றி ஒன்று. அறை முழுக்கக் கைதட்டல். கையுறை போட்ட கையால் தட்ட வேண்டாமென்று நர்ஸ் அக்கா காலைத் தரையில் தட்டினார்.

மதியம் ஆயிற்று. எடுக்கும் வேலை முடிந்தது. மாமா எழுந்து உட்கார்ந்தார். பின்மண்டை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். அதற்கு மேல் கட்டு. இட்லியும் தயிர் சாதமும் வந்தன. பெண்கள் மாற்றி மாற்றிப் பத்து நிமிடத்தில் சாப்பிட்டு வருகிறார்கள். தட்டுகளில் கிராஃப்ட் காத்திருக்கிறதே! டாக்டர் வராந்தாவில் நின்றபடியே ஒரு பூவன் பழத்தை உரித்தார். நான் விடுவேனா? கதை கேட்டேன்.

1939-ல் ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர், முடி இழந்த தழும்புகளில் முடியுள்ள தோலைத் துளைகளாக எடுத்து நட்டுப் பார்த்து எழுதி வைத்தார். போர் வந்தது, வெளியுலகம் அதைப் படிக்கவில்லை. 1952-ல் நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் ஆண்களின் வழுக்கைக்கு அதே வேலையைச் செய்தார். பின்மண்டை முடி எங்கே நட்டாலும் தன் குணத்தை விடாது என்பதை 1959-ல் கட்டுரையாக வெளியிட்டவர் அவர்தான். ஆனால் அந்தக் காலத்தில் துளை ஒவ்வொன்றும் நாலு மில்லிமீட்டர். முடி குத்துக் குத்தாகத் தெரியும். கொத்துக் கொத்தாகப் பிரித்து நடும் இந்த நுணுக்கம் படிப்படியாக வந்து சேர்ந்தது.

அடுத்ததைச் சொல்லும்போது டாக்டர் குரல் இறங்கியது. 2016-ல் சென்னையில் முடி மாற்று சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவரே உயிரிழந்தார். டெல்லியிலும் ஓர் உயிர் போய், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது: இதைச் செய்பவர் முறையாகப் பயின்ற பிளாஸ்டிக் சர்ஜனாகவோ தோல் மருத்துவராகவோ இருக்க வேண்டும், யூடியூப் பார்த்தோ பயிலரங்கில் வேடிக்கை பார்த்தோ கற்றது போதாது. "என் சர்டிஃபிகேட்ட ஏன் வாசல்ல மாட்டியிருக்கேன் தெரியுமா? படிங்க, படிச்சுட்டு உள்ள வாங்கன்னுதான்" என்றார். மாமா காலையில் அதைத்தான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது புரியவில்லை, இப்போது நிம்மதியாக இருக்கிறது.

வாருங்கள், இரண்டாம் பாகம். ஒப்பந்தப்படி அனிருத் தொடங்கிவிட்டார்! மாமா இப்போது மல்லாந்து படுத்திருக்கிறார். டாக்டர் கோட்டை ஒட்டிச் சின்னச் சின்னக் கீறல்கள் போடுகிறார். ஒவ்வொன்றும் ஒரு கோணம். நெற்றியோரம் முன்னால் சாய்ந்து, காதோரம் கீழே சாய்ந்து. அந்தச் சாய்வில்தான் நாளைக்கு முடி படியும். நெற்றிக்கோட்டில் சிங்கிள் மட்டும். அதற்குப் பின்னால் டபுள், ட்ரிபிள். உச்சி மண்டையை இன்றைக்குத் தொடவில்லை. கையிருப்பை மிச்சம் வைத்திருக்கிறார்கள்.

கீறல் முடிந்ததும் தலையின் இரண்டு பக்கமும் பெண்கள் ஸ்டூல் போட்டு அமர்ந்தார்கள். டாக்டர் பின்னால் நின்று பார்க்க, இடுக்கி நுனியில் கிராஃப்டை எடுத்துக் கீறலில் செருகுகிறார்கள். குமிழைத் தொடாமல், அதற்கு மேலே பிடித்து, ஒரே செருகு. பக்கத்தில் அழுத்தினால் முன்னே வைத்தது வெளியே எட்டிப் பார்க்கும். அதை மெல்ல உள்ளே தள்ள வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை சலைன் தெளிப்பு. ஏ.சி. குளிரிலும் அந்தப் பெண்களின் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது. நர்ஸ் அக்கா பஞ்சால் ஒற்றி எடுத்தார்.

மாமா கண்ணை மூடியபடியே கேட்டார். "நாத்தங்கால்லேர்ந்து பறிச்சு, முடி கட்டி, வயல்ல நடுறீங்க. அப்படித்தான?" இடது பக்கம் உட்கார்ந்திருந்த பெண் கை நிற்காமலே பதில் சொன்னாள். "எங்க அம்மா அந்த வேலதாம்ப்பா செய்யிறாங்க. குடவாசல் பக்கம். குறுவைக்கும் தாளடிக்கும் நடவுக்குப் போவாங்க. நான் இந்த வேலைக்கு வந்தப்ப, 'அங்க போயும் குனிஞ்சு நடவுதானா?'ன்னு ஒரே சிரிப்பு." வலது பக்கத்துப் பெண் சேர்த்துக்கொண்டாள்: "ராத்திரி ரெண்டு பேரும் மாத்தி மாத்தி முதுகுக்குத் தைலம் தேச்சுக்குவாங்கப்பா!" அறை சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. "உங்க பேரெல்லாம் சொல்லுங்கம்மா" என்றார். ஒவ்வொருத்தியும் சொன்னாள். ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்லி மனதில் வைத்துக்கொண்டார்.

நாம் கைதட்ட வேண்டிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. விளம்பரத்தில் ஒரு டாக்டர் சிரிப்பார், ஒரு தலை பளபளக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை குனிந்து, மூச்சைப் பிடித்து, ஒவ்வொன்றாக வைத்த விரல்களை எந்தப் படமும் காட்டுவதில்லை. ஒரு மனிதர் 30 வருடம் தள்ளிப்போட்ட ஆசையைக் கையில் வாங்கி, அதைக் கேலி செய்யாமல், அவசரப்படுத்தாமல், அவரை "அப்பா" என்று அழைத்து நட்டு முடிக்கிறார்கள் இந்தப் பெண்கள்.

இருட்டும் நேரத்தில் கடைசி கிராஃப்ட் உள்ளே போனது. கவுன்ட்டர் பெண் சோம்பல் முறித்த சத்தம் என் ஸ்டூல் வரை கேட்டது. அத்தையை உள்ளே அழைத்தார்கள். கண்ணாடியைக் கொடுத்தார்கள். மாமாவின் முன்மண்டையில் சிவப்புப் புள்ளிகளும், அவற்றில் கறுப்புத் துணுக்குகளும் அணிவகுத்திருந்தன. அத்தை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "கோடு நேரா இல்லியே?" என்றார். "நேரா இருந்தாத்தான் தப்பு" என்று டாக்டருக்கு முன்பே மாமா முந்திக்கொண்டு பாடம் நடத்தினார்.

ரசீது வாங்கும்போது இன்னொரு சின்ன அதிர்ச்சி. ஜி.எஸ்.டி.! மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு உண்டே என்று மாமா கேட்டார். அந்த விலக்கிலிருந்து முடி மாற்று சிகிச்சையை வெளியே வைத்திருக்கிறார்கள். விபத்து, தீக்காயம், பிறவிக் குறை இவற்றுக்காகச் செய்தால் வேறு. ஆசைக்குச் செய்தால் வரி கட்ட வேண்டும். "கட்டிட்டுப் போறேன்" என்று மாமா சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குப் போனால் என்னென்ன என்று நர்ஸ் அக்கா அத்தையிடம் பட்டியல் போட்டார். தலையணை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்க வேண்டும். சலைன் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாம் நாள் நெற்றியும் கண்ணும் வீங்கலாம், பயப்பட வேண்டாம். பத்து நாளில் பொருக்கு உதிரும். குனியக் கூடாது, வெயிலில் அலையக் கூடாது, கடலில் குளிக்கவே கூடாது. "அப்பறம் முக்கியமானது. நட்ட முடி ஒரு மாசத்துல கொட்டும். எல்லாமே போச்சுன்னு எங்களுக்கு ஃபோன் போட்டு அழுவாங்க. வேர் உள்ளதான் இருக்கும். மூணு நாலு மாசத்துல முளைக்கும். முழுசாத் தெரிய ஒரு வருஷம்."

சொன்னபடியே கொட்டியது. சொன்னபடியே மாமா கலங்கினார். சொன்னபடியே முளைக்கவும் செய்தது. முதலில் பூனை முடி, பிறகு சுருள், பிறகு சீப்பில் படியும் நரை. கோடு அதே உயரத்தில்தான் இருக்கிறது. பார்ப்பவர்கள் "உடம்பு தேறிட்டீங்களே சார்" என்கிறார்களே தவிர, எங்கே தேறினார் என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. டாக்டர் அன்றைக்கே சொன்னது இதைத்தான். உங்கள் வீட்டிலும் 60 தாண்டிய ஒருவர் கண்ணாடி முன்னால் கூடுதலாக ஒரு நிமிடம் நின்றால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். டாக்டரின் படிப்பு என்ன, கீறல் போடுவது யார், நடுவது யார், இதயமும் சர்க்கரையும் பார்த்தார்களா என்று கேட்க அவரோடு கூடப் போங்கள். வேண்டாம் என்று அவரே முடிவு செய்தாலும் சந்தோஷம். வேண்டும் என்றால் அது அவர் உரிமை.

மறுபரிசோதனைக்குத் தஞ்சாவூர் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். மாமா வழியை வளைத்துத் திருவையாற்றில் இறங்கி, நெய் சொட்டும் அசோகா பெட்டிகள் வாங்கிக்கொண்டார். மாடி ஏறியதும் அந்தப் பெண்களை வராந்தாவில் வரிசையாக நிற்க வைத்தார். கையில் காகிதம் எதுவும் இல்லை. அன்றைக்கு மனதில் வைத்த பெயர்களை ஒவ்வொன்றாக, வகுப்பறைக் குரலில் கூப்பிட்டார். குடவாசல் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டபோது அவள் விறைப்பாக நின்று, "உள்ளேன் ஐயா!" என்றாள். "இது உனக்கு. இது உங்க அம்மாவுக்கு" என்று அவள் கையில் மட்டும் இரண்டு பெட்டி வைத்தார் மாமா.